ஏழாம் வார்டு மேடு

இடவப்பாதிப் பருவமழை பிடித்து மூன்றாம் நாள். பால் கவரைக் கழுவிக் காயவைக்காமல் இருப்பதற்கு ஏழாம் வார்டில் எல்லோருக்கும் நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

"கட்டின வேட்டியே காயல. கவர் எங்கேருந்து காயும்?" என்றாள் ராதாமணி. படித்துறையின் கடைசிப் படியில் குடையோடு நின்று, சொட்டச் சொட்ட ஒரு பையை நீட்டினாள்.

வள்ளத்தில் உட்கார்ந்திருந்த விலாசினி பையை வாங்காமல் அதையே பார்த்தாள். வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்கப் போகிறவர்களுக்குப் பஞ்சாயத்து கொடுத்த பச்சைக் கோட்டு அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு இறங்கியவள், இன்னும் கஞ்சி குடிக்கவில்லை.

"காயாட்டிப் போகட்டும். கழுவினியா?"

"மழைத் தண்ணில காட்டினேன்."

"மழைத் தண்ணில காட்டினா கழுவினதாடீ? உம் புருஷன் மழையில நனைஞ்சு வந்தா, குளிச்சிட்டான்னு எலையில சோறு போடுவியா?"

"அவரு குளிச்சே ரெண்டு நாளாச்சு சேச்சி."

வள்ளத்தின் பின்னால் கழி ஊன்றிக்கொண்டிருந்த மோளிக்குட்டி சிரித்த சிரிப்பில் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. விலாசினிக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திறந்தாள். பால் கவர்கள், மீன் வாங்கின உறை, அதற்கடியில் ஒரு ஒற்றைச் செருப்பு.

"இது எதுக்கு?"

"இந்த மாசம் செருப்பும் பையும் வாங்கறோம்னு நீங்கதானே சொன்னீங்க."

"இன்னொண்ணு எங்க?"

"போன வருஷ வெள்ளத்துல போச்சு. இருக்கறதத்தானே குடுக்க முடியும்? அதைக் கழுவியிருக்கேன் பாருங்க, பளபளன்னு."

"செருப்பைக் கழுவியிருக்கே, பால் கவரைக் கழுவல. உன்னையெல்லாம் என்ன பண்றது? எடுத்துட்டுப் போ. ஈர்க்குல கோத்துக் குடுத்தாத்தான் வாங்குவேன்."

ஈர்க்கில் கோப்பது ஏழாம் வார்டின் வழக்கம். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியக் கூடாது, ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கழுவி உலர்த்தி, பத்துப் பத்தாகத் தென்னை ஈர்க்கில் கோத்து, ஈர்க்கை வளைத்து முடிந்து கொடுக்க வேண்டும். சந்தையில் மீனுக்குச் செவுளில் ஈர்க்கு கோத்துத் தருகிற மாதிரி. மோளிக்குட்டி விளையாட்டாகச் சொன்னதை விலாசினி சட்டமாக்கிவிட்டாள். மற்ற வார்டுப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஏழாம் வார்டில் பால் கவரைக் குடம்புளி போட்டுக் கொழம்பு வைக்கிறார்கள் என்று, மறுசுழற்சிக் கம்பெனி லாரி வரும்வரை சாக்குகளை அடுக்கி வைக்கிற ஷெட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்றுப் பதினோரு வீடு பிளாஸ்டிக் கொடுக்கிற வார்டு இது ஒன்றைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

பாக்கி ஒரு வீடு குஞ்ஞச்சனுடையது. அரசு போட்டில் ஸ்ராங்காக முப்பது வருஷம் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் தென்னையடியில் எப்போதும் ஏதோ புகைந்துகொண்டிருக்கும். மழையிலும் அதற்கென்று ஒரு தகரத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

"ஸ்ராங்கே, பிளாஸ்டிக் இருக்கா?" என்று மோளிக்குட்டி கடமைக்குக் கேட்டாள்.

"இருந்துச்சு. இப்ப சாம்பலா இருக்கு. வேணுமா?"

"அந்தப் புகையைக் குடிச்சுத்தான் உங்க தென்னை ரெண்டு குலை தள்ளுதோ?"

"நாலு குலை. கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு." குஞ்ஞச்சன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துகூட வரவில்லை. "ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் குப்பை கழுவ வெச்சுட்டியே விலாசினி. மகராசி நீ."

விலாசினி வள்ளத்தைத் தள்ளச் சொன்னாள். அன்றைக்கு ஐம்பத்து மூன்று வீடு. இரண்டு வீட்டில் பிஸ்கட் உறைக்குள் சுருட்டி வைத்த குழந்தை நாப்கின். ஒரு வீட்டில் உடைந்த பாட்டிலை வெறும் பையில் போட்டுக் கொடுத்து மோளிக்குட்டியின் கையுறையைக் கிழித்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தன் வீட்டில் வள்ளம் கட்டும் கடவில் இறங்கியபோது விலாசினிக்கு யாரைப் பார்த்தாலும் கடிக்கலாம் போலிருந்தது.

முற்றத்தில் கால் வைத்ததும் அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. புது மேடு அது. பழைய முற்றத்தைவிட முழங்கால் உயரம். போன வருஷம் வெள்ளம் ஒன்பது நாள் அடுக்களைக்குள் நின்றது. அவளும் பிரசன்னனும் பள்ளிக்கூட முகாமில் பெஞ்சு போட்டுப் படுத்தார்கள். இந்த வருஷம் அது நடக்கக் கூடாது. மகள் நீது முதல் பிரசவத்துக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அழைத்துவர நாள் குறித்திருந்தது. ஏழாம் மாதச் சடங்குக்காக விலாசினி இரண்டு நாள் சம்பந்தி வீட்டில் தங்கியிருந்தபோது, பிரசன்னன் தரகன் சாபுவைப் பிடித்து ஆறு பெரிய வள்ளம் நிறைய மண் அடித்துவிட்டான். அவள் திரும்பி வந்து பார்த்தால், மேலே கறுப்புக் களிமண் பூசி வழித்த மேடு. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தாள். எங்கேயிருந்து வந்த மண் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

இன்றைக்கு அந்த மேடு காலடியில் அமுங்கி எழுந்தது, இலவம்பஞ்சு மெத்தை மாதிரி.

விலாசினி நின்றாள். இன்னொரு அடி வைத்தாள். அமுங்கியது. எழுந்தது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மழை களிமண்ணைக் கரைத்த இடத்தில் ஏதோ வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் வந்த கவர் என்று நினைத்துக் குனிந்து இழுத்தாள். அது தனியாக வரவில்லை. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் பத்து. பத்தும் ஒரு ஈர்க்கில்.

பிரசன்னன் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். சுற்றுலாப் படகில் சமையல்காரன். மழைக்காலத்தில் படகு ஓடாது, அதனால் வீட்டில் சமையல் அவனுடையது. விலாசினி அந்தக் கோவையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்ன இது?"

"பால் கவர்."

"பால் கவர்னு எனக்குத் தெரியாதா? நம்ம முற்றத்துக்கு அடியிலேருந்து வருது."

பிரசன்னன் துருவுவதை நிறுத்தவில்லை. "கொஞ்சம் வேஸ்ட் கலந்திருக்கும்னு சாபு சொன்னான். மேல களிமண் போட்டா தெரியாதுன்னான்."

"சொன்னானா? அப்ப உங்களுக்குத் தெரியும்."

"செம்மண் வாங்கற வசதி நமக்கு இருக்காடீ? மழை வந்துடுச்சு. மக வயித்துப் புள்ளையோட வர்றா. குட்டநாட்டுல யாரு வீட்டுக்கு அடியில சுத்த மண்ணு இருக்கு, சொல்லு பாப்போம்?"

"யாரு வீட்டு வேஸ்ட்டுன்னு கேட்டீங்களா?"

"வேஸ்ட்டுல யாருடி பேரு எழுதி வெச்சிருக்கா?"

"எழுதித்தான் வெச்சிருக்கு! கண்ணைத் தொறந்து பாருங்க!" அவள் கோவையை உதறினாள். அவன் துருவிய தேங்காயில் சேறு தெறித்தது. "ஈர்க்குல பத்து கோத்து முடிச்சுப் போடற வார்டு இந்த உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு. இது நான் வாங்கினது. என் கையால ஷெட்டுல குடுத்தது. கம்பெனி லாரியில ஏத்தி விட்டது."

துருவலில் விழுந்த சேற்றைப் பிரசன்னன் விரலால் எடுத்துப் போட்டான். பிறகுதான் அவன் கை நின்றது.

"அது எப்படி இங்க வரும்?" என்றான்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

மறுநாள் காலை மோளிக்குட்டி மண்வெட்டியோடு வந்தாள். மூன்று பேரும் துவைக்கும் கல் பக்கம் ஒரு குழி எடுத்தார்கள். ஒரு சாண் களிமண். அதற்குக் கீழே சாக்குகள். முதல் சாக்கு வெளியே வந்தபோது, அதன் வயிற்றில் சிவப்பாக ஏழு என்று போட்டிருந்தது. மார்க்கர் பேனா தீர்ந்துபோன ஒரு மாதம் நீதுவின் பழைய நகச் சாயத்தால் மோளிக்குட்டி எழுதியது.

மோளிக்குட்டி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"சேச்சி, ஒரு வருஷமா ஊரான் வீட்டு நாப்கினைப் பிரிச்சு வெச்சேனே. என் கை நாத்தம் தாங்காம என் புருஷன் தள்ளிப் படுக்கறான். எல்லாம் உங்க வாசல் முத்தத்தை நிரப்பவா?"

"என்னைக் கேக்கறியா?"

"வேற யாரைக் கேக்கறது? லாரியையா?" அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "மூடிடலாம் சேச்சி."

"என்ன?"

"மண்ணைத் தள்ளி மூடிடலாம். வெளியே தெரிஞ்சா இனிமே ஒரு வீட்டுலயும் ஒரு மூடிகூடக் குடுக்க மாட்டாங்க. எல்லாம் மறுபடி வாய்க்காத் தோட்டுல மிதக்கும். அந்த ஸ்ராங்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நாம பட்ட பாடெல்லாம் போச்சு."

வார்டு மெம்பர் சுஷமாவும் அதையேதான் சொன்னாள். விலாசினி போன் பண்ணியதும் அரை மணி நேரத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்து இறங்கினாள். குழியை எட்டிப் பார்த்தாள்.

"விலாசினி சேச்சி, வெள்ளிக்கிழமை மேலேருந்து ஆளுங்க வர்றாங்க. நம்ம வார்டை முன்மாதிரின்னு அறிவிக்கப் போறாங்க. இப்ப இதை எடுத்தா எப்படி?"

"நான் எடுக்கல மெம்பர். அதுவாவே வருது."

"கம்பெனியைப் பத்திக் கமிட்டியில கேக்கறேன். கண்டிப்பா கேக்கறேன். அதுவரைக்கும் இதும்மேல ஒரு தார்ப்பாயை விரிச்சு வைங்க."

"தார்ப்பாயும் பிளாஸ்டிக்தான்."

"விளையாடாதீங்க சேச்சி."

"யாரு விளையாடறா? என் முற்றத்துல குதிச்சுப் பாருங்க. மெத்தை மாதிரி இருக்கும். அப்ப தெரியும் யாரு விளையாடினதுன்னு."

பிரசன்னன் எல்லோருக்கும் கட்டன் சாயா கொண்டுவந்தான். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மெம்பர் மட்டும் மரியாதைக்கு ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது, மூடிவிட்டு மேலே இரண்டு வள்ளம் களிமண் போட்டால் இந்த மழை தாங்கும் என்று பிரசன்னன் மெதுவாகச் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. விலாசினிக்கும் அது தெரிந்திருந்தது. தோண்டி எடுத்தால் வீடு முங்கும். மகள் வர முடியாது. மூடினால் மகள் வருவாள், முன்மாதிரி வார்டு ஆகும், மாதாமாதம் அவள் மறுபடி வள்ளத்தில் போய்க் கழுவு கழுவு என்று ஊரைத் திட்டலாம். மூடிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மண்வெட்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போது கடவில் ராதாமணியின் குரல் கேட்டது.

"விலாசினி சேச்சீ! இந்தாங்க, புடிங்க!" சின்னக் கொதும்புவள்ளத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு கோவைகளைத் தூக்கிக் காட்டினாள். "நேத்துத் திட்டினீங்களே. அடுப்புக்கு மேல கம்பி கட்டிக் காயப்போட்டேன். ரெண்டு உருகி என் கொழம்புலயே விழுந்துச்சு. அவரு சாப்பிட மாட்டேன்னு சண்டை. பாக்கி பதினெட்டு இருக்கு. அதையும் நொட்டை சொல்லாதீங்க."

விலாசினி மண்வெட்டியோடு நின்றாள். ராதாமணி கையை நீட்டியபடியே இருந்தாள். மோளிக்குட்டி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"என்ன சேச்சி, இதையும் வாங்க மாட்டீங்களா? இனி நான் என்ன சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டிக் குடுக்கணுமா?"

"ராதாமணி," என்றாள் விலாசினி. "வள்ளத்தைக் கட்டிட்டு மேல ஏறி வா."

மத்தியானத்துக்குள் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கடவில் வள்ளம் கட்ட இடமில்லாமல் வாழைத் தோட்டத்தின் ஓரத்திலும் கட்டினார்கள். குழியிலிருந்து வந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இது எங்க வீட்டு நூல், ஈர்க்கு கிடைக்காத நாளில் கோத்தது என்றாள் ஒருத்தி. மகனின் காய்ச்சல் மருந்துப் பாட்டில் கிடைத்தது இன்னொருத்திக்கு. லேபிளைச் சுரண்டி எடுக்க நகம் போனது என்று விரலைக் காட்டினாள். சேற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கொடுத்து வாங்கிய பாத்திரத்தைத் தேடுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதில் ஒரு உற்சாகம்கூட இருந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் கம்பெனியை நோக்கிப் போகவில்லை. கம்பெனி அங்கே இல்லை. விலாசினி இருந்தாள்.

"உங்க முத்தம் உசர்றதுக்கா நாங்க உக்காந்து கழுவினோம்?"

"எனக்குத் தெரியாது."

"உங்க வீட்டு முத்தத்துல உங்க சாக்கு. உங்களுக்குத் தெரியாது!"

"நான்தான் அடிச்சேன்," என்று பிரசன்னன் முன்னால் வந்தான். தோளில் துண்டும் கையில் கரண்டியும் இருந்தன. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ அன்னிக்கு ஊர்லயே இல்ல."

"புருஷன் பண்ணினது பொண்டாட்டிக்குத் தெரியாதாம்! எங்க வீட்டுல உப்பு தீர்ந்தது எனக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரியும்."

"ஒரு சின்ன மூலைத் துண்டு போச்சுன்னு என்னை மாமியாரு முன்னாடி திட்டினாங்க," என்றாள் ஒரு சின்னப் பெண். அழுதுவிடுவாள் போலிருந்தது. "திட்டினீங்களா இல்லையா?"

"திட்டினேன்," என்றாள் விலாசினி.

ராதாமணி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதினெட்டுக் கவரை இன்னமும் கையில் வைத்திருந்தாள். அவள் பேசாமல் நின்றதுதான் விலாசினிக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் இந்த வாய்க்கால் தோட்டின் இரு கரையிலும் அவளைக் கள்ளி என்று யாரும் சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் வாயிலும் அந்தச் சொல் தயாராக இருந்தது.

குஞ்ஞச்சனும் வந்திருந்தார். குடையை ஊன்றிக் குழியோரம் நின்று, நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். மோளிக்குட்டி இடுப்பில் கை வைத்தாள்.

"சொல்லிடுங்க ஸ்ராங்கே. வயித்துக்குள்ள வெச்சுக்காதீங்க. செரிக்காது."

"நான் என்ன சொல்றது? இந்த லாரி எங்க போகுதுன்னு உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா?"

குடை முனையால் ஒரு சாக்கைத் தட்டினார்.

"முப்பது வருஷம் போட் ஓட்டினேன். ஏத்தின ஆளை நடு ஆத்துல இறக்கி விட்டுட்டு டூட்டி முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போனதில்ல. நீங்க அதைத்தான் பண்ணியிருக்கீங்க. போட் ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய் ஏத்தினீங்க, கையைத் தட்டிட்டு வந்துட்டீங்க. எரிச்சா சாம்பலையாவது கண்ணால பாக்கலாம்."

"உங்க புகை எங்க போச்சுன்னு நீங்க பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள் விலாசினி. "என் மக சின்ன வயசுல மூச்சுக்கு இழுத்துட்டுக் கெடந்தாளே, அது போய்ச் சேர்ந்த இடம். பெருசா பேச வந்துட்டாரு."

குஞ்ஞச்சன் குடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். ஆனால் அவர் கேட்டது அந்த முற்றத்தைவிட்டுப் போகவில்லை. விலாசினி யோசித்தாள். ரசீது வாங்கியிருக்கிறாள். லாரியின் பின்பக்கத்துக்குக் கைகூட ஆட்டியிருக்கிறாள். அது எங்கே போகிறது என்று கேட்டதில்லை, இந்த மண் எங்கேயிருந்து வந்தது என்று கேட்காத மாதிரியே.

"எல்லாத்தையும் எடுக்கறேன்," என்றாள். "ஒரு சாக்கு விடாம. யாரு வேணும்னாலும் எண்ணிக்கலாம். கம்பெனி லாரி சனிக்கிழமை வருது. அதுலயே ஏத்துவேன்."

"ஏத்தி? மறுபடி யாரு முத்தத்துக்கு?"

"அதுக்கு நான் பதில் சொல்றேன். இப்ப சொல்ல மாட்டேன். இப்ப சொன்னா நம்பவா போறீங்க?"

நான்கு நாள் தோண்டினார்கள். முதல் நாள் அவளும் பிரசன்னனும் மோளிக்குட்டியும் மட்டும். மழை நிற்கவேயில்லை. குழிக்குள் தண்ணீர் ஊற, பிரசன்னன் சமையல் பாத்திரத்தால் இறைத்தான். இரண்டாம் நாள் ராதாமணி வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். மத்தியானம் பிரசன்னன் கப்பைக் கிழங்கும் மத்தி மீனும் வைத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"உருகின கவர் போட்ட கொழம்பைவிட இது தேவலாம்."

வெள்ளிக்கிழமை மேலேயிருந்து யாரும் வரவில்லை. மழையைக் காரணம் காட்டி மெம்பரே தள்ளிப்போட்டுவிட்டாள். கடைசிச் சாக்கு வந்தபோது எண்ணிக்கை அறுபத்தொன்று. மேடு போனது மட்டுமில்லை. சாக்கோடு பழைய மண்ணும் கரைந்து வந்ததில் முற்றம் முன்னைவிடப் பள்ளமாகிவிட்டது. களிமண் மட்டும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. தவளைகள் வந்து சேர்ந்தன.

சம்பந்தியம்மாள் போனில் இனிமையாகத்தான் பேசினாள். இந்த ஈரத்துக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது, பிரசவம் இங்கேயே ஆகட்டும், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு நீது போனை வாங்கினாள்.

"அம்மா, ஊருக் குப்பை உனக்கு என்னைவிடப் பெருசா?"

"அப்படி இல்லடி மோளே."

"பின்ன எப்படி?"

மகள் வைத்த பிறகும் விலாசினி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அது கிடைக்காமல் போன பெண்ணின் வருத்தம் கடைசிவரை இருக்கும், ஒவ்வொரு சண்டையிலும் எட்டிப் பார்க்கும். அந்தச் சாபு மட்டும் இப்போது கண்ணில் பட்டால் அவனையும் ஈர்க்கில் கோத்துவிடுவாள். ஆனால் அவன் போன் அணைந்து கிடந்தது நான்கு நாளாக.

சனிக்கிழமை லாரி வந்தது. போட் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஷெட்டின் முன்னால் பின்பக்கமாக நிறுத்தினான் டிரைவர். சின்ன வயது, வாயில் மிட்டாய். எல்லா வார்டுச் சாக்கும் ஏறியது. கடைசியில் சேறு வடிகிற அறுபத்தொன்றும் ஏறின.

"இது என்ன, ஆத்துக்கு அடியிலேருந்தா எடுத்தீங்க?" என்று மூக்கைப் பிடித்தான்.

"ஏற்கெனவே ஒரு தடவை உங்க லாரியில போனதுதான்," என்றாள் மோளிக்குட்டி. "ஊர் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. ரசீதை எழுதி நீட்டினான். விலாசினி வாங்கவில்லை. சக்கரத்தில் ஒரு காலை வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து, மேலே ஏறிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, இறங்குங்க. பூட்டணும்."

"பூட்டிக்கோ."

"விளையாடறீங்களா? நான் கிளம்பணும்."

"கிளம்பு. நான் எங்க வேண்டாம்னு சொன்னேன்?"

மோளிக்குட்டி குடையை மேலே எறிந்துவிட்டு ஏறினாள். அவள் ஏறும்போது டிரைவர் தன்னையறியாமல் கை கொடுத்தான். பிறகு ராதாமணி, ஒரு தூக்குப் போசியோடு. லேபிள் சுரண்டி நகம் போனவள். அழப் பார்த்த சின்னப் பெண், மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாளோ இல்லையோ. அவளுக்குப் பின்னால் மூன்றாம் வார்டிலிருந்து ஒருத்தி, பால் கவர்க் கொழம்பு என்று கேலி பேசிச் சிரித்த அதே ஆள்.

"நீ எதுக்குடி?" என்றாள் மோளிக்குட்டி.

"எங்க சாக்கும் இருக்குல்ல."

டிரைவர் மிட்டாயைத் துப்பினான். யாருக்கோ போன் பண்ணினான். தள்ளிப் போய்ப் பேசினான், திரும்பி வந்தான்.

"அம்மா, ஃபேக்டரி மலைக்கு அந்தப் பக்கம். நான் அங்கல்லாம் போறதில்ல. பாதி வழியில ஒரு யார்டு இருக்கு. அங்க கொட்டிட்டுத் திரும்பறதுதான் என் வேலை. அங்கேருந்து யாரு எடுக்கறா, எங்க போகுது, சத்தியமா எனக்குத் தெரியாது."

"எங்களுக்கும் தெரியாது," என்றாள் விலாசினி. "அதான் வர்றோம்."

"யார்டுல ஒக்கார இடம்கூட இருக்காது."

"என் வீட்டுலயும் இல்ல."

"ராத்திரி ஆயிடும். நாளைக்கும் ஆகலாம்."

"கஞ்சி இருக்கு. பயறு இருக்கு," என்று ராதாமணி தூக்குப் போசியைக் காட்டினாள். "உனக்கும் சேத்துத்தான். அடுப்புல எதுவும் உருகி விழல."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தான். அந்த நேரத்தில் விலாசினியின் போன் அடித்தது. பிரசன்னன்.

"தண்ணி முத்தம் முழுக்க நிறைஞ்சிடுச்சு. அடுக்களைப் படி முங்கிட்டு இருக்கு."

"கேஸ் அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல வைங்க. அரிசி டப்பாவைப் பரண்ல ஏத்துங்க. நீதுவுக்குன்னு தெச்ச துணியெல்லாம் அலமாரியில கீழ் தட்டுல இருக்கு. அதை மொதல்ல எடுங்க."

"எடுத்துட்டேன்." தண்ணீரில் அவன் நடக்கிற சத்தம் கேட்டது. "நீ எப்ப வருவே?"

"தெரியல. முகாமுக்குப் போயிடுங்க. எனக்கும் ஒரு பெஞ்சு பிடிச்சு வைங்க."

போனைக் கோட்டுப் பையில் போட்டாள். மழை வலுத்தது. ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று குடைதான் இருந்தது, விரித்தார்கள். டிரைவர் கீழே நின்று மேலே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் போய் ஒரு சலிப்பு வந்திருந்தது, சொந்த அத்தைகளிடம் மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற சலிப்பு.

"சரி. நனையாதீங்க. ரெண்டு மூணு பேராவது முன்னாடி என் பக்கத்துல வந்து உக்காருங்க. இடம் இருக்கு."

யாரும் அசையவில்லை.

"முன்னாடி உக்காந்தா," என்றாள் விலாசினி, "பின்னாடி என்ன எறங்குதுன்னு எப்படிடா தெரியும்? நீ வண்டியை எடு."